கேஏ வண்டி டிஎன் 73 ஆன கதை

எங்க ஊர்ப் பக்கம் செகண்ட் ஹேண்ட் கார் வாங்குறவங்க ரெண்டு வகை. ஆற்காடு, ராணிப்பேட்டை, வேலூர் கன்சல்டிங்குகளில் அலைந்து டிஎன் வண்டியாகவே எடுப்பவர்கள் முதல் வகை. "பெங்களூர்ல அதே வண்டி அம்பதாயிரம் கம்மி" என்று பஸ் ஏறுபவர்கள் இரண்டாம் வகை. சென்னை - பெங்களூரு ஹைவே மேல்விஷாரத்தை ஒட்டியே போவதால் இரண்டாம் வகை ஆட்களுக்கு இங்கே பஞ்சமில்லை. காலையில் கிளம்பினால் மத்தியானம் பெங்களூரு, ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு. எங்கப்பா இரண்டாம் வகை.

கார் பேச்சு எங்க வீட்டில் ஆசையால் வந்ததில்லை. பாட்டிக்கு வாரம் இரண்டு நாள் வேலூரில் டயாலிசிஸ். போக வர ஆட்டோவுக்குக் கொடுக்கும் காசை அம்மா தினசரி காலண்டரில் குறித்துக்கொண்டே வந்தார். கடந்த ஜூலை மாதம் ஒரு நாள் அந்தக் காலண்டரை அப்பா முன்னால் வைத்து, "கூட்டிப் பாருங்க" என்றார். அப்பா கூட்டிப் பார்த்தார். சீட்டு எடுப்பது என்று முடிவானது. பட்ஜெட் மூணரை லட்சம். பாட்டி குனியாமல் ஏறி இறங்கணும், பெட்ரோல் வண்டியா இருக்கணும், சிங்கிள் ஓனரா இருக்கணும். இந்த மூன்றுக்கும் வேகன் ஆர் பொருந்தியது.

ஆகஸ்ட் இரண்டாவது வாரம் பெங்களூரில் ஒரு 2017 மாடல் பார்த்தோம். ஓனர் ரிட்டயர்டு ஆன ஒரு ஆசிரியர். கன்னடக்காரர், தமிழ் நன்றாகவே பேசுவார். அப்பாவுக்கு டேனரியில் தோல் தரம் பிரிக்கிற வேலை. பதனிட்ட தோலை மேஜையில் விரித்து உள்ளங்கையால் ஒருமுறை தடவினால், மாட்டை எங்கே முள் கீறியது, எங்கே உண்ணி கடித்தது என்று சொல்லிவிடுவார். அதே கையால் வண்டியைச் சுற்றி ஒரு நடை தடவிக்கொண்டே போனார். இடது பின் கதவு வந்ததும் நின்றார். "இந்த டோரு மட்டும் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிச்சது, சார்." ஓனர் சிரித்துவிட்டார். "ஆமா சார், 2020ல ஒரு ஆட்டோ உரசிடுச்சு. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

என் பங்குக்கு நானும் சிலதைப் பார்த்தேன். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தேன். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை எவ்வளவு கழுவினாலும் பெல்ட்டின் உள் சுற்றில் சேற்றுக் கோடு நின்றுவிடும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளம், 2022 செப்டம்பர் பெங்களூரு வெள்ளம் ரெண்டுக்கும் அப்புறம் இது முக்கியமான சோதனை. ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் துரு இருக்கிறதா என்று பார்த்தேன். சேசிஸ் நம்பரை ஆர்.சி.யோடு ஒத்துப் பார்த்தேன். பதினேழு எழுத்து. மாருதி என்றால் பெரும்பாலும் 'எம்ஏ3' என்று ஆரம்பிக்கும். ஒன்றோடும் சைபரோடும் குழம்பாமல் இருக்க ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று எழுத்தும் அதில் வராது. வந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

விலை 3,35,000 என்று முடிந்தது. ஊரில் அதே வருஷத்து வண்டிக்கு 3,90,000 சொல்லியிருந்தார்கள். அப்பா முழுப் பணமும் தயார் என்றார், அன்றைக்கே ஓட்டிக்கொண்டு போகலாம் என்ற நினைப்பில். ஓனர் இருபதாயிரம் மட்டும் அட்வான்ஸாக வாங்கிக்கொண்டார். "மீதி என்.ஓ.சி. வந்தப்புறம் கொடுங்க. சாவியும் அப்பதான்."

அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. பஸ்ஸில் ஹோசூர் தாண்டும்வரை பேசவே இல்லை. அப்புறம், "நம்மள நம்பலடா அவரு" என்றார்.

வீட்டுக்கு வந்தால் மாமா அதைவிடச் சூடாக இருந்தார். "இன்னா மாமா இது, வண்டி எடுக்கப் போயிட்டு வெறுங்கையோட வந்துட்டீங்க? பன்னண்டு மாசம் கேஏ நம்பர்லயே ஓட்டலாம். அதுக்கப்புறம் மாத்திக்கலாம். ஊரே அப்படித்தான் ஓட்டுது." இந்தப் பன்னிரண்டு மாசக் கணக்கை நம்ம ஹாஸ்டலிலும் கேட்டிருக்கிறேன். அதனால் அன்றைக்கு ராத்திரி மோட்டார் வாகனச் சட்டத்தையே எடுத்து உட்கார்ந்தேன். 1988ஆம் வருஷத்துச் சட்டம். படிக்கப் பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை.

46ஆம் பிரிவு, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி இந்தியா முழுக்கச் செல்லும் என்கிறது. 47ஆம் பிரிவு, அந்த வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புது எண் வாங்கணும் என்கிறது. மாமா சொன்னது இதைத்தான். ஆனால் இது பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு சொந்த வண்டியோடு மேல்விஷாரத்துக்குக் குடிவருகிறவருக்கான கணக்கு. வண்டி கைமாறினால் 50ஆம் பிரிவு வந்துவிடும். விற்றவர் அதே மாநிலத்தில் விற்றால் 14 நாளுக்குள், வெளிமாநிலத்துக்கு விற்றால் 45 நாளுக்குள் தகவல் சொல்லணும். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்குக் கொடுக்கணும். எண்ணை மாற்ற ஒரு வருஷம், பெயரை மாற்ற ஒரு மாசம். இந்த ரெண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் ஊரில் பாதிப்பேர் ஓட்டுகிறார்கள்.

மாமாவிடம் இதைச் சொன்னேன். "புக்கு படிக்கிற புள்ள" என்று எழுந்து போய்விட்டார்.

ஒரு மாநிலத்து வண்டிக்கு இன்னொரு மாநிலத்தில் ஏன் இவ்வளவு பாடு? ஆதாரும் வாக்காளர் அட்டையும் போகிற இடமெல்லாம் கூடவே வருகின்றன, நம்பர் பிளேட்டுக்கு மட்டும் என்ன கேடு? இதற்குப் பதில் அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் இருக்கிறது. மோட்டார் வாகனம் என்பது பொதுப் பட்டியலில், 35ஆம் இனம். அதனால் சட்டம் நாடு முழுக்க ஒன்று. ஆனால் வாகன வரி மாநிலப் பட்டியலில், 57ஆம் இனம். அதனால் வரி ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி. ஓனர் 2017ல் கட்டிய வாழ்நாள் வரி கர்நாடகத்துக்கான வாழ்நாள். வண்டி அத்திப்பள்ளி தாண்டி இங்கேயே தங்கிவிட்டால் தமிழ்நாடு தன் பங்கைக் கேட்கும். பெங்களூரில் அம்பதாயிரம் கம்மி என்கிறோமே, அதில் பெரும் பகுதி தள்ளுபடி இல்லை. நாம் இன்னும் கட்டாத வரி.

இந்த வரி வித்தியாசத்தை வைத்து ஊர் ஊராக விளையாட்டும் நடந்திருக்கிறது. 2017ல் கேரளத்து சினிமாக்காரர்கள் சிலர் புதுச்சேரி முகவரியில் சொகுசுக் கார்களைப் பதிவு செய்ததாகப் பெரிய சர்ச்சை வந்தது. புதுச்சேரியில் வரி ரொம்பக் குறைவு, கேரளத்தில் ரொம்ப அதிகம். டெல்லிக் கதை வேறு மாதிரி. பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டிக்கு 2015ல் பசுமைத் தீர்ப்பாயமும் 2018ல் உச்ச நீதிமன்றமும் தடை போட்டதால், அங்கிருந்து நல்ல நிலையில் உள்ள டீசல் கார்கள் மலிவாக மற்ற மாநிலங்களுக்கு இறங்கின. மாநிலம் விட்டு மாநிலம் மாற்றலாகிற வேலைக்காரர்களுக்காக 2021 செப்டம்பரில் பிஹெச் எண் வந்தது. ரெண்டு ரெண்டு வருஷமாக வரி கட்டிக்கொண்டு எந்த மாநிலத்திலும் அதே எண்ணில் ஓட்டலாம். ஆனால் அரசு ஊழியராக இருக்கணும், அல்லது நான்கு மாநிலங்களிலாவது ஆபீஸ் உள்ள கம்பெனியில் இருக்கணும். கேம்பஸ் இன்டர்வியூவில் பெரிய கம்பெனி கிடைப்பவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். டேனரிக்காரருக்கு அது கிடையாது.

நம்ம வண்டிக்கு வருவோம். ஆப்பில் எண்ணைப் போட்டதுமே ஒன்று தெரிந்தது. ஆர்.சி.யில் வங்கியின் பெயர் இன்னும் இருந்தது, அதாவது ஹெச்.பி. நீக்கவில்லை. ஓனர் கடனை அடைத்து நாலு வருஷம் ஆகிவிட்டதாம். வங்கி அப்போது கொடுத்த கடிதம் மூணு மாசத்துக்குத்தான் செல்லும். அவர் அதை ஃபைலில் பத்திரமாக வைத்திருந்தார், ஆர்.டி.ஓ. ஆபீசில் கொடுக்கவில்லை. திரும்பப் புதுக் கடிதம் வாங்கணும். கடன் கொடுத்த கிளையை இன்னொரு கிளையோடு சேர்த்துவிட்டார்கள், பழைய கணக்கைத் தேடணும் என்று அந்த வங்கி இழுத்த இழுப்பில் ஒரு மாசத்துக்கு மேல் போனது. அதற்கப்புறம்தான் படிவம் 35, அதற்கப்புறம்தான் என்.ஓ.சி.க்கான படிவம் 28.

இடையில் அவர் வண்டி மேல் நாலு சிக்னல் ஃபைன் இருந்ததும் தெரிந்தது. பெங்களூரு கேமரா யாரையும் விடுவதில்லை. நல்ல காலமாக ஆகஸ்ட் 23லிருந்து செப்டம்பர் 12 வரை கர்நாடகத்தில் பழைய ஃபைனுக்குப் பாதித் தள்ளுபடி அறிவித்திருந்தார்கள். 2023லும் ஒருமுறை அப்படி அறிவித்தார்களாம். "சார், நீங்க வண்டி வாங்க வந்த நேரம் எனக்கு லாபம்" என்று போனில் சிரித்தார்.

அடுத்தது ஜி.எஸ்.டி. செப்டம்பர் 3ஆம் தேதி கவுன்சிலில் முடிவெடுத்து, 22லிருந்து சின்னக் கார்களுக்கு வரி 28லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. புது வேகன் ஆர் விலையே சரிந்தால் பழசின் விலை நிற்குமா? மாமா குதித்தார். "அட்வான்ஸ் இருபதாயிரம்தானே, போனா போகுது. புது விலையைக் காட்டி முப்பதாயிரம் குறைக்கச் சொல்லுங்க. இல்லன்னா வேற வண்டி." இது தப்பான கணக்கு என்று சொல்ல முடியாது. எங்களுக்கு முப்பதாயிரம் என்பது பல மாசத்து ஆட்டோக் காசு. அப்பா ரெண்டு நாள் யோசித்தார். "மச்சான், ஆகஸ்ட்ல விலை ஏறியிருந்தா அந்த மனுஷன் ஏத்திக் கேட்டிருப்பாரா? கேட்டிருந்தா நாம ஒத்துக்குவோமா?" என்று மட்டும் கேட்டார். போன் பண்ணவில்லை. அந்த வாரக் கடைசியில் ஓனரே கூப்பிட்டு, மார்க்கெட் இறங்கிவிட்டது, வங்கியால் தாமதமும் ஆகிறது, பதினைந்தாயிரம் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார். அப்பா சரி என்றார்.

பழைய கார் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. என்று 2024 டிசம்பரில் எல்லார் ஸ்டேட்டஸிலும் ஓடியதே, அது நம்மைப் போல ஆளுக்கு ஆள் விற்பதற்கு இல்லை. ஜி.எஸ்.டி. பதிவு உள்ள டீலருக்கு, அதுவும் அவர் வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் நடுவில் உள்ள லாபத்துக்கு மட்டும்.

இவ்வளவுக்கும் நடுவில் பாட்டி வாரம் ரெண்டு தடவை ஆட்டோவில்தான் போய்வந்தார். மழைக்காலம் தொடங்கிவிட்டது. டயாலிசிஸ் முடிந்து வரும்போது பாட்டிக்குக் குளிர் எடுக்கும். ஆட்டோவில் ரெண்டு பக்கமும் ஷீட்டை இறக்கிவிட்டு அம்மா போர்வையோடு அணைத்துக்கொண்டு வருவார். "அங்க ஒருத்தர் வீட்டு ஷெட்ல நம்ம வண்டி சும்மா நிக்குது" என்று அம்மா ஒருநாள் சொன்னதில் கோபம் இல்லை, சோர்வுதான் இருந்தது. அப்பாவால் பதில் சொல்ல முடியவில்லை. ஓனர் சாவி தராதது அவருக்கு உள்ளுக்குள் குத்திக்கொண்டே இருந்தது.

நவம்பர் 10ஆம் தேதி டெல்லி செங்கோட்டை பக்கத்தில் கார் வெடித்தது. அன்றிரவு எல்லா வீட்டிலும் போல எங்க வீட்டிலும் டிவி ஓடியது. போலீஸ் முதலில் எண்ணை வைத்துப் போய் நின்றது குருகிராமில் ஒருவர் வீட்டில். அவரோ அந்தக் காரை எப்போதோ விற்றுவிட்டவர். அவரிடமிருந்து இன்னொருவர், அவரிடமிருந்து இன்னொருவர் என்று கைமாறிய வண்டி, ஆர்.சி. மட்டும் முதல் ஆள் பெயரிலேயே இருந்திருக்கிறது. அப்பா டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பெங்களூர் சார் சாவி தராததுல தப்பே இல்லடா" என்றார்.

நான் அதற்கு முன்பே படித்து வைத்திருந்த ஒரு வழக்கை அப்போதுதான் சொன்னேன். நவீன் குமார் எதிர் விஜய் குமார், உச்ச நீதிமன்றம், 2018 பிப்ரவரி. ஒருவர் பெயரில் பதிவான கார். அவர் விற்றுவிட்டார். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றார், இப்படியே போனது. யாரும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கம் போகவில்லை. அப்புறம் ஒரு விபத்து, உயிர்ப்பலி. நஷ்டஈடு யார் தருவது? கடைசியாக ஓட்டிக்கொண்டிருந்தவரா, பணம் கொடுத்து வாங்கியவரா? ஆர்.சி.யில் பெயர் உள்ளவர்தான் சட்டப்படி ஓனர், அவர்தான் பொறுப்பு என்று தீர்ப்பு வந்தது. விபத்தில் குடும்பத்தை இழந்தவர்களை, ஒவ்வொரு ஆளாகத் தேடி அலைய விட முடியாது என்பதுதான் அதன் நியாயம். எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. ஆனால் என்றைக்கோ விற்றுப் பணம் வாங்கி மறந்துபோன ஒரு மனிதர் தலையில் அது விழும் என்பதும் நிஜம்.

எங்க பக்கம் இதற்கு 'ஓப்பன் பேப்பர்' என்று பேர். படிவம் 29, 30 ரெண்டிலும் விற்பவர் கையெழுத்து மட்டும் இருக்கும். வாங்குபவர் பெயர், தேதி எல்லாம் காலி. அந்தப் பேப்பரோடு வண்டி நாலு கை மாறும். நடுவில் இருக்கும் புரோக்கருக்கு வரியும் இல்லை, ஓனர் எண்ணிக்கையும் கூடாது. அஞ்சாவது ஆளுக்கும் 'சிங்கிள் ஓனர்' என்று விற்கலாம். இதை அடைக்கத்தான் 2023 ஏப்ரல் 1லிருந்து மத்திய விதிகளில் புதிதாக ஒரு ஏற்பாடு வந்தது. பழைய கார் டீலர் ஆர்.டி.ஓ.விடம் அனுமதிச் சான்று வாங்கணும். வண்டி தன்னிடம் வந்துவிட்டது என்று ஆன்லைனில் தெரிவித்துவிட்டால், அது விற்கும்வரை அவர்தான் ஓனராகக் கருதப்படுவார். விற்கிறவருக்கு இது பெரிய பாதுகாப்பு. உங்க வீட்டில் பைக்கோ காரோ கன்சல்டிங்கில் விடப்போகிறீர்கள் என்றால், இந்தத் தகவலைப் பதிந்துவிட்டாரா என்று கேட்டு வாங்குங்கள்.

என்.ஓ.சி.க்கு விண்ணப்பித்தபோது ஒரு சின்ன விஷயம் பெரிதாகிவிடப் பார்த்தது. வண்டி எந்த ஆர்.டி.ஓ. எல்லைக்குப் போகிறது என்று அதில் குறிப்பிடணும். வெளியூரில் யார் கேட்டாலும் நாங்கள் 'வேலூர் பக்கம்' என்றுதான் சொல்வோம். அப்பா ஆதாரிலும் இன்னும் வேலூர் மாவட்டம்தான். ஆனால் 2019 நவம்பர் 28லிருந்து நாங்கள் ராணிப்பேட்டை மாவட்டம். வேலூர் டிஎன் 23, ராணிப்பேட்டை டிஎன் 73. ஓனர் வேலூர் என்று தேர்வு செய்துவிட்டு, சமர்ப்பிக்கும் முன்னால் ஸ்கிரீன்ஷாட் அனுப்பிக் கேட்டார். நல்ல வேளை. அந்த மாலையே ஆதாரில் மாவட்டத்தை மாற்ற அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். மாவட்டம் பிரிந்த பிறகும் பழைய முகவரியோடு சுற்றுகிற ராணிப்பேட்டை, திருப்பத்தூர்க்காரர்கள் எல்லாரும் இதைச் சீக்கிரம் முடித்துவிடுவது நல்லது.

என்.ஓ.சி. கொடுப்பதற்கு முன் வண்டி மேல் திருட்டு கேஸ், வரி பாக்கி, ஃபைன் பாக்கி எல்லாம் பார்ப்பார்கள். 48ஆம் பிரிவுப்படி 30 நாளுக்குள் கொடுக்கணும், இல்லையென்றால் காரணம் சொல்லி மறுக்கணும். ரெண்டும் செய்யாவிட்டால் கொடுத்ததாகவே ஆகிவிடும். எங்களுக்கு அந்த எல்லை வரை போகவில்லை.

நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை. ஓனர் வீட்டு மேஜையில் எல்லாப் பேப்பரும் வரிசையாக இருந்தன. என்.ஓ.சி., படிவம் 29, 30, பழைய ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, வரி ரசீது, கூடவே 2017ல் வண்டி எடுத்த ஒரிஜினல் பில். படிவங்களில் எதையும் காலியாக விடவில்லை, அப்பா பெயர், முகவரி, தேதி எல்லாம் எழுதித்தான் கையெழுத்துப் போட்டார். அப்புறம் ஒரு டெலிவரி நோட் எழுதினார். அதில் தேதி மட்டுமில்லை, நேரமும் இருந்தது. காலை 11.40. "இதுக்கு முன்னாடி நடந்தது என் பொறுப்பு, இதுக்கப்புறம் உங்க பொறுப்பு. ஆனா சார், ஆர்.சி. மாறுற வரைக்கும் கோர்ட்டுக்கு நான்தான் ஓனர். அதனால சீக்கிரம் மாத்திடுங்க. மெதுவா ஓட்டிட்டுப் போங்க." அப்பா அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மூணு மாசத்துக்கு முன் முகம் சுளித்தது அவர் ஞாபகத்தில் இருந்திருக்கும்.

ஓனர் தன் ஃபாஸ்டேகை மூடிவிட்டிருந்தார். அது சரியும்கூட, ஃபாஸ்டேக் வண்டி எண்ணோடு கட்டியது. எண் மாறப்போகும் வண்டிக்கு ரெண்டு தடவை டேக் வாங்குவானேன் என்று நாங்களும் அப்படியே கிளம்பிவிட்டோம். டேக் இல்லாவிட்டால் சுங்கம் ரெண்டு மடங்கு. ஆனால் முந்தின நாள்தான், நவம்பர் 15லிருந்து, யூபிஐயில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு போதும் என்று விதி மாறியிருந்தது. அத்திப்பள்ளி, கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, பள்ளிகொண்டா என்று ஒவ்வொன்றிலும் நான் போனை நீட்டிக்கொண்டே வந்தேன். அப்பா அறுபதைத் தாண்டவே இல்லை. லாரிக்காரர்கள் எல்லாம் எங்களை முந்திக்கொண்டு போனார்கள். "ஏம்ப்பா இவ்ளோ ஸ்லோ" என்று கேட்டேன். "இன்னும் அவர் வண்டிடா இது" என்றார்.

மறுநாளே இன்சூரன்ஸ் பெயர் மாற்றத்துக்குக் கொடுத்தோம். அதற்கு 14 நாள்தான் கெடு. விற்றவர் க்ளெய்ம் பண்ணாமல் சேர்த்த போனஸ் அவருக்குத்தான், வண்டியோடு நமக்கு வராது. அந்த வித்தியாசத்தைக் கட்டணும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

ராணிப்பேட்டைக்கு படிவம் 27 புது எண்ணுக்கு, படிவம் 30 பெயர் மாற்றத்துக்கு. ஃபீஸ் எல்லாம் சேர்த்தே கம்மிதான். பணம் போவது வாழ்நாள் வரியில். நாங்கள் கொடுத்த 3,20,000 மேல் வரி போடுவார்கள் என்று அப்பா நினைத்திருந்தார். அப்படி இல்லை. வண்டி புதுசாக இருந்தபோது இருந்த விலைதான் கணக்கு. வண்டியின் வயதுக்கு ஏற்றபடி சதவீதம் மட்டும் குறையும். அதற்குத்தான் ஒரிஜினல் பில் தேவைப்பட்டது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் வரி விகிதங்கள் ஏறின. இப்போது புது வண்டிக்கு அஞ்சு லட்சம் வரை 12 சதவீதம், பத்து லட்சம் வரை 13, இருபது வரை 18, அதற்கு மேல் 20. எங்கள் வண்டிக்கு வந்த தொகை நாற்பதாயிரத்தை ஒட்டி. வரி, இன்சூரன்ஸ், போக வர செலவு எல்லாம் கழித்தால், ஊர் விலையைவிட எங்களுக்கு மிச்சமானது இருபதாயிரம்கூட இல்லை. அதுவும் ஓனர் தானாகக் குறைத்த பதினைந்தாயிரத்தால். மூணு மாசம் ஓடிய ஆட்டோக் காசை அம்மா கணக்கில் சேர்த்தால் அதுவும் கரைந்துவிடும். ஆனால் வண்டி சுத்தமான வண்டி. ஊரில் அந்த விலைக்கு அப்படி ஒன்று கிடைத்திருக்காது என்பது அப்பாவின் கட்சி. மாமாவின் கட்சி வேறு.

இன்ஸ்பெக்ஷன் அன்றைக்கு காலேஜுக்கு லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். சேசிஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுப்பது, சின்ன வயசில் காசை நோட்டுக்கு அடியில் வைத்துத் தேய்ப்போமே, அதே வேலைதான். மெட்டலில் குத்திய எழுத்தைப் போட்டோவில் திருத்தலாம், பென்சில் தேய்ப்பில் திருத்துவது கஷ்டம். டிஜிட்டல் வந்த பிறகும் அது போகாமல் இருப்பதில் ஒரு லாஜிக் இருக்கிறது. பிரேக் இன்ஸ்பெக்டர் அந்தத் தாளையும் வண்டியையும் ஒத்துப் பார்த்தார், விளக்குகளைப் போட்டுக் காட்டச் சொன்னார், முடிந்தது. டிசம்பர் நடுவில் டிஎன் 73 எண் வந்தது.

புது ஆர்.சி. வந்த அன்றைக்கே அப்பா செய்த முதல் வேலை, அதன் காப்பியை பெங்களூருக்கு அனுப்பியதுதான். ஓனருக்கு அது ரெண்டு விதத்தில் வேண்டும். ஒன்று, தன் பெயர் போய்விட்டது என்ற ஆதாரம். இன்னொன்று, கர்நாடகத்தில் கட்டிய வாழ்நாள் வரியில் மிச்ச வருஷங்களுக்கான பணத்தைத் திரும்பக் கேட்க, வேறு மாநிலத்தில் பதிவானதற்குச் சான்று கேட்பார்கள். ரீஃபண்ட் அவருக்கு என்று ஆகஸ்டிலேயே பேசியிருந்தோம். பேசாமல் விட்டால் பின்னால் மனஸ்தாபம் வரக்கூடிய இடம் இது.

ஒரு மணி நேரம் கழித்து அவர் கூப்பிட்டார். அப்பா ஸ்பீக்கரில் போட்டார். ஆப்பில் பார்த்துவிட்டாராம், ஓனர் பெயர் மாறிவிட்டதாம், நன்றி சொன்னார். அம்மா எப்படி இருக்கிறார்கள், டயாலிசிஸுக்கு வண்டி வசதியாக இருக்கிறதா என்று கேட்டார். வைக்கப் போனவர் மறுபடியும், "சார், ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். அந்த இடது டோர், நீங்க கண்டுபிடிச்சது, அதை மட்டும் கொஞ்சம் இழுத்துச் சாத்தணும்" என்றார்.

"முதல் நாளே தெரிஞ்சுக்கிட்டோம் சார்" என்றார் அப்பா.